அளவுக்கு மேல் கேட்ட இடது காது

மேல்முறையீட்டு வாரியக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் பதினொரு மேஜைகள் உண்டு. ஏழாவது மேஜையில் பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருந்தவளை எல்லோரும் ஏழம்மா என்று கூப்பிட்டார்கள். வேகமாகச் சொன்னால் ஏழையம்மா என்று விழும். அதற்கும் அவள் திரும்பிப் பார்ப்பாள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருந்தது. அதை வாய்விட்டுப் படிக்க வேண்டிய தேவை யாருக்கும் வந்ததில்லை.

வேலை செய்யும் இடத்தில் கை போனவர், கால் போனவர், நெஞ்சில் தூசி அடைத்து மூச்சுக்குத் திண்டாடுகிறவர், இவர்களுக்கெல்லாம் முதலாளி கையை விரித்த பிறகு போக்கிடம் இந்த வாரியம்தான். இரண்டாம் மாடி விசாரணை அறையில் தலைவரும் இரண்டு உறுப்பினர்களும் உட்கார்ந்து அவர்கள் சொல்வதைக் கேட்பார்கள். கேட்பது பதிவாகும். பதிவானது ஒரு மாடி ஏறி மேலே வரும். மேலே பதினொரு பேர் இயர்போனில் அதைக் கேட்டுத் தட்டச்சு செய்வார்கள். அச்சான பேச்சில் ஒரு பிரதி மனுதாரருக்குத் தபாலில் போகும். இன்னொரு பிரதி ஆணைப் பிரிவுக்குப் போகும்.

ஆணைப் பிரிவில் அதை யாரும் படிப்பதில்லை. படித்தால் வேலை தேங்கிவிடும். கம்ப்யூட்டரில் தேடு பொத்தானை அழுத்தி, அடிபட்ட உறுப்பின் பெயர் பேச்சில் வருகிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். ஆணைத் தாள் முன்கூட்டியே அச்சடித்து வந்திருக்கும். 'நிராகரிக்கப்படுகிறது' என்பதற்குக் கீழே 'காரணம்' என்று போட்டு ஒரு கோடு. அந்தக் கோட்டை நிரப்புவதுதான் அவர்கள் வேலை.

முன்பெல்லாம் மூன்றாம் மாடியில் தலையைச் சுற்றிப் பூட்டும் பெரிய ஹெட்போன்கள் இருந்தன. தலை வலிக்கும், ஆனால் காதில் நிற்கும். போன வருஷம் வாரியம் நவீனமானது. காதுக்குள் செருகும் இயர்போன்கள் வந்தன. வாரியத் தலைவரே மேலே ஏறி வந்து முதல் இயர்போனைத் தட்டில் வைத்துக் கொடுத்தார். "இனி மக்கள் குரல் நம் காதுக்கு வெளியே நிற்காது, உள்ளேயே வந்துவிடும்" என்று பேசினார். பதினொரு பேரும் கை தட்டினார்கள். தட்டும்போதே ஏழம்மாவின் இடது காதிலிருந்து இயர்போன் நழுவி மடியில் விழுந்தது.

வலது காதில் அது ஒரு மாதிரி நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தது. இடது காதில் நிற்கவே மாட்டேன் என்றது. நுனியில் இருந்த ரப்பர் குல்லாய் அவள் காது ஓட்டைக்குப் பெரிது. அழுத்தினால் வலித்தது, விட்டால் வெளியே வந்தது. நின்ற கொஞ்ச நேரத்திலும் பேச்சில் சத்தே இல்லை. தகர டப்பாவுக்குள் கொசு பேசுவதுபோல ஸ், ச், ட் என்று ஓரங்கள் மட்டும் வந்தன. நடுவில் இருக்க வேண்டிய குரலைக் காணோம். இடது கட்டைவிரலால் காதை அமுக்கிக்கொண்டு வலது கையால் மட்டும் தட்டச்சு செய்யப் பழகிக்கொண்டாள். சலித்துக்கொள்ளவில்லை. சலிப்பு என்று ஒன்று அவளிடம் இருந்து வெகு காலம் ஆகியிருந்தது.

நாலாவது மாதம் ஒரு கொத்தனாரின் பதிவு வந்தது. நான்கு நிமிஷம்தான். அவர் சொன்னதை அவள், 'மண்ணுல அடிபட்டுச்சுங்க, அப்பலேர்ந்து வேலைக்குப் போக முடியல' என்று தட்டச்சு செய்து அனுப்பினாள். பத்து நாள் கழித்து ஆணையின் பிரதி கோப்பில் சேர்க்க அவள் மேஜைக்கு வந்தது. 'காரணம்: மனுதாரர் எந்த உறுப்பையும் குறிப்பிடவில்லை. மண் இவ்வாரியத்தின் வரம்புக்குள் வராது.'

கோப்பின் முகப்பில் கொத்தனாரின் புகைப்படம் ஒட்டியிருந்தது. ஒரு கண்ணில் வெள்ளைப் பஞ்சு.

கண்ணுல என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். ஏழம்மா அந்தப் படத்தைப் பார்த்தாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. கோப்பைக் கட்டி மேலே வைத்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் அவள் புருஷன் சமையலறையிலிருந்து மூன்று முறை கூப்பிட்டார். அவர் ஒரு துணிக்கடையில் லிப்ட் ஓட்டுகிறவர். நாள் முழுக்க 'எத்தனாவது மாடி' என்று கேட்டுக் கேட்டு, வீட்டில் பதில் கிடைக்கும்வரை விடமாட்டார்.

"உப்பு எங்க வச்சிருக்கன்னு கேட்டேன். காது கேக்குதா இல்லையா?"

"கேட்டுச்சு."

"கேட்டா பதில் சொல்ல மாட்டியா?"

ஏழம்மா குனிந்து பார்த்தாள். அவள் விரல்கள் தொடையின் மேல் அசைந்துகொண்டிருந்தன. 'உப்பு எங்க வச்சிருக்க' என்பதை அவை தட்டச்சு செய்து முடித்திருந்தன.

"இது சரியில்ல," என்றார் புருஷன். பக்கத்தில் வந்து அவள் முகத்தைத் திருப்பிப் பார்த்தார். "காதுல என்ன புண்ணு? செவந்து கெடக்கு. ஆபீஸ்ல சொல்லி வேற வாங்கேன்."

மறுநாள் அவள் கண்காணிப்பாளரிடம் போய்ச் சொன்னாள். அவர் மூன்றாம் மாடியின் ஓரத்தில் கண்ணாடி அறையில் இருப்பவர். நல்ல மனுஷர். யார் எதைச் சொன்னாலும் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, அதை உடனே ஒரு படிவமாக மாற்றித் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

"இயர்போன் சரியா நிக்க மாட்டேங்குதுன்னு எழுத முடியாது ஏழம்மா. இயர்போன் தரச் சான்று வாங்கினது. சான்று வாங்கின பொருள்ல குறை இருக்க முடியாது."

"அப்ப எப்படி சார் எழுதுறது?"

"காது சரியா நிக்க மாட்டேங்குதுன்னு எழுதுங்க. உங்க காதுக்குச் சான்று இருக்கா?"

"இல்ல சார்."

"பாத்தீங்களா."

அவள் எழுதிக் கொடுத்தாள். மூன்று வாரத்தில் செவிப் பொருத்தக் குழுவிலிருந்து அழைப்பு வந்தது. குழுவுக்குத் தலைவர் பண்டகக் காப்பாளர். கட்டடப் பொறியாளர் ஒருவரும் தீயணைப்புப் பயிற்சியாளர் ஒருவரும் உறுப்பினர்கள். காதைப் பற்றித் தெரிந்தவர் யாரும் குழுவில் இருந்தால் பாரபட்சம் வந்துவிடும் என்று விதியில் இருந்தது.

அடித்தளத்தில் பண்டக அறை. பொறியாளர் தண்ணீர்க் குழாயின் விட்டம் அளக்கும் கருவியால் அவள் இரண்டு காதுகளையும் அளந்தார். வலது காதை ஒரு முறை, இடது காதை மூன்று முறை. பயிற்சியாளர் அளவுகளைக் குறித்துக்கொண்டார்.

"ரெண்டும் ஒரே அளவா இல்லையே," என்றார் பொறியாளர், ஏதோ அவள் வேண்டுமென்றே செய்ததுபோல.

"எனக்குத் தெரியாதுங்க," என்றாள் ஏழம்மா.

"வேலைக்குச் சேரும்போது இதைத் தெரிவிச்சீங்களா?"

"யாரும் கேக்கலைங்க."

பண்டகக் காப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அவருக்குப் பின்னால் இரும்பு அலமாரி ஒன்று அரக்கு முத்திரையோடு நின்றது.

"நான் வெளிப்படையாவே சொல்றேம்மா. இயர்போன் வந்த பெட்டி எல்லாத்துலயும் மூணு சைஸ் குல்லாய் வந்துச்சு. சின்னது, நடுத்தரம், பெருசு. சின்னதும் நடுத்தரமும் இந்த அலமாரியிலதான் இருக்கு. நான் ஒளிக்கல. ஆனா யோசிச்சுப் பாருங்க. மூணையும் கையில கொடுத்தா என்ன ஆகும்? ஆளாளுக்குத் தன் காதுக்குப் பொருந்துறதை எடுத்து மாட்டிப்பாங்க. எல்லாம் தானா பொருந்திடுச்சுன்னா அப்புறம் இந்தக் குழு எதுக்கு? நான் எதுக்கு? அதனாலதான் பெருசை மட்டும் வெளிய விட்டேன். பெருசு கொடுத்தா வாரியம் தாராளமா இருக்குன்னு ஒரு பேரு."

"சின்னதுல ஒண்ணே ஒண்ணு கொடுத்தீங்கன்னா போதுங்க."

"கொடுத்தா ஒண்ணு குறையும். மாசா மாசம் எண்ணறோம், இதுவரைக்கும் ஒண்ணு குறைஞ்சதில்ல. போன வருஷம் அதுக்குத்தான் எனக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தாங்க. உங்க ஒருத்தர் காதுக்காக அதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்றீங்களா?"

ஏழம்மா அப்படிச் சொல்லவில்லை. குழு அவளுடைய இடது காதைத் 'தர அளவுக்குக் கீழ்ப்பட்டது' என்று பதிவுசெய்தது. பரிகாரமாக ஒரு பயிற்சி வகுப்பும் விதித்தது. ஒருத்திக்கு மட்டும் வைத்தால் தனிமைப்படுத்துவதாக ஆகும் என்று மூன்றாம் மாடியில் பதினொரு பேருக்கும் வைத்தார்கள். காலையில் முதல் ஒரு மணி நேரம், பத்து நாள். தீயணைப்புப் பயிற்சியாளர் முன்னால் நின்றார். காது மடலை இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் இழுங்கள், மூச்சை விடுங்கள், விரிவடைகிறேன் என்று மனதுக்குள் சொல்லுங்கள் என்றார். எட்டாம் மேஜைக்காரருக்கு ஏற்கெனவே முறம்போல காது. அவரும் இழுத்துக்கொண்டு நின்றார். பத்தாம் நாள் எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள். ஏழம்மாவின் சான்றிதழில் 'இடது காது: ஒத்துழைப்பில் முன்னேற்றம் தேவை' என்று இருந்தது.

அந்தப் பத்து நாளில் பாக்கி விழுந்த பதிவுகளுக்காகப் பதினொரு பேரிடமும் விளக்கம் கேட்டார்கள்.

அலுவலகத்துக்கு எதிரே நடைமேம்பாலம். அதன் படிக்கட்டுக்கு அடியில் ஒரு ஆள் மட்டும் நிற்கக்கூடிய பெட்டிக்கடை. போன் உறை, சார்ஜர் வயர், இயர்போன் எல்லாம் சரம் சரமாகத் தொங்கும். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் ஏழம்மா தெருவைக் கடந்து அங்கே போனாள். இயர்போனைப் பைக்குள் வைத்துக் கொண்டுபோனது விதிப்படி குற்றம். அதை யோசிக்கவில்லை. கால்கள் போயின.

கடைக்காரர் இயர்போனை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "இதைத் தொடைச்சு எத்தன மாசமாச்சு? வலை பூரா அழுக்கு அடைச்சிருக்கு. சத்தம் எப்படி வரும்?"

"தொடைக்கிறதுக்கு அனுமதி வாங்கணுங்க."

அவர் அவளை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். பழைய டூத் பிரஷ்ஷால் வலையைத் தேய்த்துச் சுத்தம் செய்தார். "திரும்புங்க. காதைக் காட்டுங்க. ம்... இந்தப் பக்கம். ம். ஒண்ணு சின்னது, ஒண்ணு கொஞ்சம் பெருசு."

"தர அளவுக்குக் கீழன்னு சொன்னாங்க."

"யாரு சொன்னது? நூத்துல தொண்ணூறு பேருக்கு இப்படித்தாம்மா. எனக்கும் அப்படித்தான். செருப்பா, ரெண்டும் ஒரே நம்பர் வாங்குறதுக்கு?" தகர டப்பாவைக் கவிழ்த்துக் குல்லாய்களைக் கிளறினார். "வலப் பக்கம் இந்த நடுத்தரம் போடுங்க. இடப் பக்கத்துக்கு ரப்பர் வேணாம், புண்ணா இருக்கு. இது ஸ்பாஞ்சு. இப்படி ரெண்டு விரல்ல வச்சு உருட்டுங்க, நல்லா ஒல்லியாகட்டும். வலது கையைத் தலைக்கு மேல கொண்டு வந்து காதை மேல பின்பக்கமா இழுங்க. இப்ப உள்ள விடுங்க. விரலை எடுக்காதீங்க, புடிச்சுக்குங்க. இருபது எண்ணுங்க. உள்ள போயி அதுவே உப்பி அடைச்சுக்கும். வயரைத் தொங்க விடாதீங்க, காதுக்கு மேல சுத்திப் போடுங்க. நடந்தா இழுக்காது."

ஏழம்மா இருபது எண்ணினாள். பன்னிரண்டு வரும்போது தெருவில் போன பஸ் சத்தம் மங்கியது. பதினைந்தில் கடைக்காரரின் குரல் தூரம் போனது. இருபதில் தெருவே இல்லை. அவர் தன் போனில் வயரைச் செருகி எதையோ தட்டினார். மத்தளம். ஒரே ஒரு அடிதான், ஆனால் அடிவயிறுவரை இறங்கியது. அடித்த கையின் உள்ளங்கை தோலில் கொஞ்சம் ஒட்டிப் பிரிவதுகூடக் கேட்டது.

"எப்படி இருக்கு?" என்று கடைக்காரரின் வாய் அசைந்தது.

எப்படி இருக்கிறது என்று அவள் தனக்குள்ளே தேடிப் பார்த்தாள். மத்தளம் இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. "கேக்குதுங்க," என்றாள்.

திரும்பி வந்ததும் முதல் காரியமாகக் கொத்தனாரின் பழைய பதிவைத் தேடி எடுத்துப் போட்டாள். அவர் அறைக்குள் வந்து உட்கார்வது கேட்டது. நாற்காலி தேடித் தடவிய கை கேட்டது. "கண்ணுல அடிபட்டுச்சுங்க." பிசிறில்லாமல், தெளிவாக. பேசி முடித்த பிறகு அவர் ஒன்று கேட்டிருந்தார். முன்பு அது கேட்கவே இல்லை. "ஐயா அங்க இருக்கீங்களா?" என்று. யாரும் பதில் சொல்லியிருக்கவில்லை.

அவள் திருத்தக் குறிப்பு எழுதி மேலே அனுப்பினாள். 'திருத்தம் முப்பது நாளுக்குள் அனுப்பப்பட்டிருக்க வேண்டும். காலம் கடந்ததால் ஏற்பதற்கில்லை. கண் மண்ணாகவே நீடிக்கும்' என்று பதில் வந்தது. அதையும் கோப்பில் கட்டினாள். இந்த முறை முடிச்சு போடும்போது விரல் வழுக்கி இரண்டு தரம் போட வேண்டியிருந்தது.

அடுத்த பதிவு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணுடையது. படுக்கை விரிப்பு தேய்க்கும் பெரிய சூட்டு உருளையில் வலது கை மாட்டிக்கொண்டது. பதிவுக் கருவியைக் காலை பத்து மணிக்கு வாயிற்காவலர் முடுக்கிவிடுவார், மனுதாரர் வந்தாலும் வராவிட்டாலும் அது நிற்காமல் ஓடும். அதனால் ஒவ்வொரு பதிவின் முன்னாலும் சில நிமிஷங்கள் வெறும் இரைச்சலாக இருக்கும். மூன்றாம் மாடியில் அதை '(அமைதி)' என்று போட்டுவிட்டு நகர்வது வழக்கம். இந்தத் தடவை அமைதியில் ஆட்கள் பேசினார்கள்.

மூன்றாம் மாடிச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த பதினான்காம் விதி, 'பதிவில் உள்ளதை உள்ளபடி எழுதுக. எதையும் சேர்க்காதே, எதையும் விடாதே' என்றது. ஏழம்மாவுக்கு விதியை மீறும் எண்ணமும் இல்லை, யாரையும் மாட்டிவிடும் எண்ணமும் இல்லை. காதில் விழுந்தது, விரல் தட்டியது.

'தலைவர் (மெதுவாக): அடுத்தது யாரு, கையா?

முதல் உறுப்பினர்: கைதான். வந்த உடனே அந்தப் பொண்ணு கையில இருக்கிற கட்டை அவிழ்த்துக் காட்டும். யாரும் பாக்காதீங்க. பாத்தா அஞ்சு நிமிஷம் போயிடும்.

இரண்டாம் உறுப்பினர்: போன வாரம் நான் ஒருத்தர் காலைப் பாத்துட்டேன். ராத்திரி சாப்பாடு இறங்கல.

தலைவர்: நான் ஜன்னலைப் பாப்பேன், நீங்க ஃபைலைப் பாருங்க. சாப்பாட்டுக்கு முன்னாடி இன்னும் நாலு பேரைத் தள்ளணும். தாள்ல கையெழுத்துப் போட்டு வச்சிட்டேன். காரணத்தை அவங்க போட்டுப்பாங்க.

(தலைவர் பிஸ்கட் கடிக்கிறார். கதவு திறக்கிறது.)'

அதற்குப் பிறகு அந்தப் பெண் பேசினாள். கட்டை அவிழ்க்கும் சரசரப்பு நாற்பது விநாடி. அதற்குப் பிறகு அவள், "பாருங்கய்யா," என்றாள். பிறகு, "இந்தப் பக்கங்க," என்றாள்.

ஏழம்மா கடைசிவரை தட்டச்சு செய்து, முத்திரை வைத்து, தபாலுக்குக் கொடுத்தாள். அந்த வாரம் அப்படிப் பதினேழு பேச்சுகள் போயின. வாரியத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை. தேடு பொத்தானில் உறுப்பின் பெயரைத் தட்டினார்கள், கிடைத்ததைப் பார்த்துக் கோட்டை நிரப்பினார்கள்.

எட்டாம் நாள் காலை சலவைக்காரப் பெண் தரைத்தள முகப்பறைக்கு வந்தாள். பிரதியை இடது கையில் பிடித்திருந்தாள். வரவேற்பு மேஜையில் இருந்தவரிடம், "இதுல ஒரு வார்த்தை புரியலீங்க. படிச்சுக் காட்டுறேன், எனக்குத்தான் தப்பா தெரியுதான்னு சொல்லுங்க," என்றாள். படித்தாள். கத்தவில்லை, அழவில்லை. கடைக்குப் போக வேண்டிய சாமான் சீட்டைப் படிப்பதுபோலப் படித்தாள். முகப்பறை பெஞ்சில் உட்கார்ந்திருந்த முப்பது நாற்பது பேரும் ஒருவர் பின் ஒருவராக எழுந்து நின்றார்கள். 'பிஸ்கட் கடிக்கிறார்' வரும்போது வாயிற்காவலர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். செய்தி பரவி, மதியத்துக்குள் மற்ற பதினாறு பேரில் பதினொரு பேர் தங்கள் பிரதிகளோடு வந்துவிட்டார்கள்.

காதும் காதும் வைத்தாற்போல முடிக்க வேண்டிய விஷயம் என்று சொல்லிக்கொண்டே வாரியம் பெரிய அரங்கில் விசாரணை வைத்தது. ஏழம்மாவை நடுவில் ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். குற்றச்சாட்டு ஒரே வரி: 'அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் கேட்டது.'

தலைவர் பெரிய மனுஷர். அறுபது வயசு, கனமான குரல். அந்தக் குரலை அவள் ஆயிரம் தடவை தட்டச்சு செய்திருக்கிறாள். முகத்தை இவ்வளவு கிட்டத்தில் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"பதிவுல நாங்க பேசினது உங்களுக்குக் கேட்டுதா?"

"கேட்டுதுங்கய்யா."

"எந்த அளவுக்கு?"

"முழுசாங்க."

அரங்கில் சலசலப்பு. தலைவர் கையை உயர்த்தினார்.

"மத்த பத்துப் பேருக்குக் கேக்கல. அவங்களும் சம்பளம் வாங்குறவங்கதான். உங்களுக்கு மட்டும் எப்படிக் கேட்டுது?"

"காதுல சரியா உக்காந்துதுங்கய்யா."

"சரியா உக்காரணும்னு உங்களுக்கு யாரு உத்தரவு போட்டது?"

தலைவர் அரங்கைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவர் குரல் தழுதழுத்தது.

"பேசினோம். நான் மறுக்கல. ஆனா மெதுவாத்தானே பேசினோம்? மெதுவா பேசுறதுன்னா யாருக்கும் கேக்கக் கூடாதுன்னு அர்த்தம். அந்த ஒரு நம்பிக்கையிலதான் இருபத்திரண்டு வருஷமா இந்த அறையில மனசு விட்டுப் பேசிட்டு வந்தோம். மூணாம் மாடி ஒரு நாளும் எங்களைக் கைவிட்டதில்ல. கையைப் பாக்கலைன்னு சொல்றாங்க. பாக்கலதான்! பாத்திருந்தா மனசு கலங்கியிருக்கும். கலங்கின மனசோட தீர்ப்பு சொன்னா அது நியாயமா? நியாயத்துக்காகத்தான் ஜன்னலைப் பாத்தேன். பிஸ்கட்டையும் எழுதியிருக்காங்க. ஒரே ஒரு பிஸ்கட். அதோட சத்தத்தைக்கூட இந்த வாரியத்துல பாதுகாக்க முடியலைன்னா, மக்கள் எங்களை நம்பி எப்படி வருவாங்க?"

உறுப்பினர்கள் இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பண்டகக் காப்பாளர் சாட்சி சொன்னார். அலமாரியை அன்று காலையிலும் எண்ணியதாகவும், சின்னக் குல்லாய் ஒன்றும் குறையவில்லை என்றும், ஆகவே அந்தம்மாவுக்குக் கேட்டிருக்கவே முடியாது என்றும் சொன்னார். அப்படியானால் பேச்சு பொய்யா என்று பொறியாளர் கேட்டதும் தலைவர் அவசரமாக அதைக் குறிப்பிலிருந்து நீக்கச் சொன்னார். இயர்போனில் இருந்த ஸ்பாஞ்சைக் கழற்றச் சொன்னார்கள். ஏழம்மா கழற்றிக் கொடுத்தாள். அதை உறையில் போட்டு, 'ஆதாரம் ஒன்று: மஞ்சள் நிறம், மெத்தென்றிருக்கிறது, தானாக உப்புகிறது' என்று எழுதி அரக்கு வைத்தார்கள்.

விசாரணையும் விதிப்படி பதிவாகியிருந்தது. பதிவுகள் வரிசைப்படி மேஜைகளுக்குப் போகும். அன்று வரிசையில் அடுத்தது ஏழு.

கண்காணிப்பாளர் தானே அதைக் கொண்டுவந்து கொடுத்தார். "வரிசையை மாத்தினா பாரபட்சம்னு ஆயிடும் ஏழம்மா. தப்பா நினைச்சுக்காதீங்க."

"இல்ல சார்."

பெரிய குல்லாயை மாட்டிக்கொண்டு, கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டு, தன்னைப் பற்றிய விசாரணையை அவள் தட்டச்சு செய்தாள். தலைவர் தழுதழுத்த இடம் சரியாகக் கேட்கவில்லை. '(தெளிவில்லை)' என்று போட்டாள். ஒரு பிரதி குற்றம்சாட்டப்பட்டவருக்கு என்று விதி இருந்ததால், அதைத் தனக்கே கொடுத்து, தானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள்.

தீர்ப்பு வந்தது. செவியை அளவு மீறிப் பயன்படுத்தியதற்காக அவளை மூன்றாம் மாடியிலிருந்து தரைத்தள மனு வாங்கும் ஜன்னலுக்கு மாற்றினார்கள். அங்கே இயர்போன் கிடையாது. வாரியத்தின் வெளிப்படைத்தன்மைக்கு அடையாளமாகச் சலவைக்காரப் பெண்ணின் வழக்கை மட்டும் மறுபடி எடுத்துக்கொண்டார்கள். மற்ற பதினாறும் பரிசீலனையில் இருந்தன. இனிமேல் பத்து மணிக்குப் பதிவுக் கருவியை முடுக்கக் கூடாது, தலைவர் தலையசைத்த பிறகே முடுக்க வேண்டும் என்று புது சுற்றறிக்கை வந்தது. ஒலித் தரத்தில் சீர்திருத்தம் செய்ததற்காக வாரியத்துக்கு வருஷ முடிவில் கேடயம் கொடுத்தார்கள்.

"போகட்டும் விடு," என்றார் புருஷன். "ஜன்னல்ல காத்தாவது வரும்."

ஜன்னலில் காற்று வந்தது. மனுக்களை வாங்கி, ரப்பர் முத்திரை குத்தி, ரசீதைக் கிழித்துக் கொடுப்பது வேலை. ஆட்களை முகம் பார்த்துப் பேச வேண்டும் என்பது அவளுக்குப் புதிது. முதல் இரண்டு வாரம் அவர்கள் பேசும்போதெல்லாம் மேஜைக்கு அடியில் விரல்கள் அசைந்தன.

மூன்றாம் வாரம் ஒரு நாள் சலவைக்காரப் பெண் வரிசையில் வந்து நின்றாள். ஆணை வந்திருந்தது. இழப்பீடு கொடுக்கச் சொல்லி உத்தரவு. அதன் மேல் ஒரு முத்திரை குத்தி வாங்க வேண்டும். ஏழம்மா குத்திக் கொடுத்தாள். அந்தப் பெண் நகரவில்லை.

"நீங்கதானா மேல டைப் பண்ணினது?"

"ஆமாங்க."

"ரெண்டாவது தடவை விசாரிச்சப்ப மூணு பேரும் என் கையைப் பாத்தாங்க. கண்ணாடி போட்டுக்கிட்டு, குனிஞ்சு, மாத்தி மாத்திப் பாத்தாங்க. அப்பதான் ரெக்கார்டு ஓடிட்டு இருந்துச்சு. 'பாக்கிறோம், பாக்கிறோம்'னு சத்தமா சொல்லிக்கிட்டே பாத்தாங்க." முத்திரை குத்திய தாளை இடது கையால் பைக்குள் வைத்தாள். "நீங்க பாத்திருக்கீங்களா?"

"இல்லம்மா."

அந்தப் பெண் வலது கையை ஜன்னல் பலகையின் மேல் வைத்தாள். கட்டு இல்லை. இரண்டு விரல்கள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகியிருந்தன. உள்ளங்கையின் கோடுகள் எல்லாம் போய், வழுவழுவென்று, இஸ்திரி போட்ட துணிபோல இருந்தது. பத்தொன்பது வருஷத்தில் எத்தனை கைகளை ஏழம்மா தட்டச்சு செய்திருப்பாள். கண்டது இது ஒன்றுதான்.

"தொட்டுப் பாருங்க. பரவால்ல. அந்த எடத்துல எனக்கு ஒண்ணும் தெரியாது."

ஏழம்மா ஒரு விரலால் தொட்டாள்.

"இன்னும் அமுக்குங்க. ஊசியால குத்தினாக்கூடத் தெரியல. டாக்டர் குத்திப் பாத்தார்."

அமுக்கினாள். தோல் குளிர்ந்திருந்தது. அந்தப் பெண் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியுதா?" என்று கேட்டாள் ஏழம்மா.

"இல்ல."

ஏழம்மா விரலை எடுக்கவில்லை. மேஜைக்கு அடியில் இருந்த இன்னொரு கையையும் மேலே கொண்டு வந்து, அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண்ணும் இழுத்துக்கொள்ளவில்லை. பின்னால் நின்ற ஒருவர், "அம்மா, வரிசை நிக்குது," என்றார். அது ஏழம்மாவின் காதில் விழுந்தது. அவள் விரல்கள் அசையாமல் அப்படியே இருந்தன.